எனக்கும் ஒரு சிவப்பு வட்டம்

இந்தக் கட்டுரையை எழுதித் தரச் சொல்லி முதலில் இன்பராஜைத்தான் கேட்டிருக்கிறார்கள்.

இதை ஒளிக்காமல் என்னிடம் சொன்னவள் நிவேதா. நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மென்பொருள் கம்பெனியில் பிராசஸ் மைனிங் குழுவில் இருப்பவள். குழுவைப் பற்றி ஒரு மலர் போடுகிறார்களாம். புதிதாகச் சேருகிற பிள்ளைகள் "இதெல்லாம் யார் ஆரம்பிச்சது?" என்று கேட்கிறார்களாம். நான் மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"இன்பராஜ் சார்கிட்டதான் கேட்டோம் சார். அவர்தான், குமரவேலைக் கேளுங்க, அவனுக்குத்தான் நிமிஷக் கணக்கோட ஞாபகம் இருக்கும்னார்."

"ஏன், அவருக்கு மறந்துபோச்சாமா?"

"இல்ல சார், நல்லா ஞாபகம் இருக்கு. ஆனா நீங்க எழுதினாத்தான் நல்லா இருக்கும்னு..."

பாருங்கள், விட்டுக்கொடுத்துவிட்டான். அவனே எழுதியிருந்தால் நான் படித்து நாலு குறை சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். இப்போது அவன் பெரிய மனுஷன், நான் இரண்டாவதாகக் கேட்கப்பட்ட ஆள். கையிலிருந்த ஈரத் துண்டை உதறிய வேகத்தில் கொடி அறுந்து விழுந்தது. ஐம்பத்து நாலு வயதில் இவ்வளவு வேகம் எனக்கு வேறு எதற்கும் வருவதில்லை.

நானும் இன்பராஜும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். தாம்பரத்தில் ஒரு மருந்துக் கடை மாடியில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் கற்றது, நாலு நேர்முகத் தேர்வுகளில் திருதிருவென்று விழித்தது, ஐந்தாவதில் பக்கத்து நாற்காலி ஒல்லிப் பையனிடம் பேனா கேட்டு வாங்கியது, இரண்டு பேருக்கும் வேலை கிடைத்தது. பயிற்சிக் காலம் அவ்வளவுதான். அந்த ஒல்லிப் பையன் இன்பராஜ். அவனுடைய ஊழியர் எண் என்னுடையதற்கு ஒன்று முன்னால். இருபத்தெட்டு வருஷம் எல்லாப் பட்டியலிலும் அவன் பெயருக்கு அடியில் என் பெயர் நின்றது, குடை கிடைக்காதவன் அடுத்தவன் குடைக்குள் தலையை மட்டும் நீட்டுவதுபோல.

அவனுக்கு ஜன்னலோர இருக்கை. எனக்கு ஏ.சி. காற்று நேராக உச்சந்தலையில் இறங்கும் இருக்கை. அவனை வெளிநாடு அனுப்பினார்கள். எனக்கு விசா வந்த வாரம் அந்த ப்ராஜெக்டையே மூடினார்கள். பெரிய வெள்ளம் வந்தபோதுகூட முடிச்சூரில் அவன் வீட்டு மாடிப்படியில் பாதிவரை தண்ணீர். சேலையூரில் எங்கள் தெருவில் கணுக்கால் அளவு. அலுவலகம் திறந்ததும் எல்லாரும் அவனைச் சுற்றி நின்று விசாரித்தார்கள். "எங்க தெருவுலயும்..." என்று நான் ஆரம்பித்ததை யாரும் காதில் வாங்கவில்லை. அவனுடைய பீரோவும் கட்டிலும் போனதற்கு நான் வருத்தப்பட்டேன், சத்தியமாக. வருத்தப்பட்டுக்கொண்டே என் கணுக்காலைக் குனிந்து பார்த்துக்கொண்டேன்.

அவன் வேலை, புரோகிராம் எழுதுவதும் மற்றவர்கள் எழுதியதை ரிவ்யூ செய்வதும். என் வேலை ரிலீஸ் ஒருங்கிணைப்பு. அதாவது டெஸ்டிங் பெண்ணிடம் போய் "ஆச்சாம்மா?" என்று கேட்பது, எழுதியவனிடம் போய் "எப்பப்பா?" என்று கேட்பது, இரண்டு பேரும் முறைத்துக்கொண்டால் நாலு மணிக்கு எதிர்த்த டீக்கடைக்குக் கூட்டிப்போய் ஒரே பெஞ்சில் உட்காரவைப்பது. சாஃப்ட்வேர் துறையில் செருப்புத் தேயும் வேலை என்று ஒன்று உண்டென்றால் அது என்னுடையது.

எங்கள் இருவருக்கும் மேலதிகாரி பத்மஜா மேடம். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கமாகக் கட்டியிருப்பார். ஒரு சின்ன ஃபிளாஸ்கில் சீரகத் தண்ணீர். நாம் என்ன சொன்னாலும் ஒரே கேள்விதான் கேட்பார்.

"மேடம், சர்வர் விழுந்துடுச்சு."

"எத்தனை மணிக்கு?"

"காலைல மேடம்."

பேனாவை நோட்டுக்கு ஒரு அங்குலம் மேலே நிறுத்திக்கொள்வார். ஒரு எண் வந்து சேரும்வரை அந்தப் பேனா இறங்காது. "ஒன்பது... ஒன்பதே கால் இருக்கும் மேடம்." இறங்காது. "ஒன்பது பதினேழு." இறங்கும். எழுதி முடித்து ஒரு வாய் சீரகத் தண்ணீர் குடித்துவிட்டு, "ம், சொல்லுங்க" என்பார். அவர் அறையிலிருந்து வெளியே வந்தவுடன் பலர் தங்கள் கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு திங்கட்கிழமைக் கூட்டத்தில் அவர் சொன்னார்: "வேலை எப்படி நடக்கணும்னு சுவத்துல படம் ஒட்டி வெச்சிருக்கோம். நிஜமா எப்படி நடக்குதுன்னு ஒரு படம் வேணும். அதுக்கு ஒரு டூல் வாங்கியாச்சு. யார் எடுத்துப் பண்றீங்க?"

எதிரே இன்பராஜின் கை உயர்வதைப் பார்த்தேன். அது முழுசாக உயர்வதற்குள் என் கையைத் தூக்கிவிட்டேன். அவன் கை மேலே போய் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துவிட்டுக் கீழே இறங்கியது. என் கை மட்டும் காற்றில் நின்றது. பிராசஸ் மைனிங் எங்கள் கம்பெனிக்கு வந்த வரலாறு இதுதான், நிவேதா. தலைப்பாகப் போட்டுக்கொள்.

பெயர்தான் பயமுறுத்தும், விஷயம் எளிது. எங்கள் தொழிலில் ஒவ்வொரு வேலைக்கும் டிக்கெட் என்று ஒரு எண் உண்டு. அந்த டிக்கெட் 'எழுதுதல்', 'ரிவ்யூ', 'டெஸ்டிங்', 'ரிலீஸ்' என்று ஒவ்வொரு படியாக நகரும். நகர்த்தும்போதெல்லாம் கம்ப்யூட்டர் சத்தமில்லாமல் ஒரு வரி குறித்துக்கொள்ளும். எந்த டிக்கெட், என்ன நடந்தது, எத்தனை மணிக்கு. மூன்றே பத்தி. அந்த வரிகளை ஆயிரக்கணக்கில் அள்ளிக் கொடுத்தால் டூல் ஒரு படம் வரைந்து தரும். ஒவ்வொரு படியும் ஒரு வட்டம். வட்டத்துக்குக் கீழே அந்தப் படிக்குப் பொறுப்பானவர் பெயர், அது தனியாக ஒரு பட்டியலிலிருந்து வரும். அதிகம் போய்வரும் பாதை தடித்த கோடு. எங்கே வேலை தேங்கி நிற்கிறதோ அந்த வட்டம் சிவப்பு. மேடம் வாழ்நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியை யாரோ மெஷினாகவே செய்துவிட்டிருந்தார்கள்.

முதல் படத்தைக் காட்டிய நாளை மறக்க முடியாது. அந்தப் படத்தின்படி எங்கள் கம்பெனியில் நூற்று இருபது பேர் வாரத்துக்கு அரை மணி நேரம்தான் வேலை செய்தோம். வெள்ளிக்கிழமை மாலை நாலரையிலிருந்து ஐந்துவரை.

காரணம் எங்களுக்குத் தெரியும். வாரம் முழுக்க யாரும் டிக்கெட்டை நகர்த்த மாட்டோம். வெள்ளி ஐந்து மணிக்கு ஸ்டேட்டஸ் கூட்டம். அதற்கு முன் எல்லாரும் உட்கார்ந்து அந்த வாரத்து டிக்கெட்டுகளை வரிசையாகத் தள்ளிவிடுவோம். இதற்கு எங்கள் தளத்தில் 'வெள்ளிக்கிழமை பூஜை' என்று பெயர். ஒரு டிக்கெட் எழுதப்பட்டு, ரிவ்யூ முடிந்து, டெஸ்டிங் முடிந்து வெளியே வர நாற்பது செகண்டு ஆனதாகப் படம் சொன்னது.

மேடம் வெகுநேரம் பார்த்தார். "எத்தனை மணிக்கு நடந்ததுன்னு கேட்டா, எத்தனை மணிக்கு எழுதினோம்னு சொல்லியிருக்கோம்" என்றார். அவ்வளவுதான். நூற்று இருபது பேரும் தரையைப் பார்த்தோம்.

டிக்கெட்டை நம்ப முடியாது, புரோகிராமை நம்பலாம். புரோகிராமில் யார் ஒரு எழுத்தை மாற்றினாலும் அது அந்த நிமிஷத்தோடு பதிவாகும். ஆனால் எந்த மாற்றம் எந்த டிக்கெட்டுக்கு என்று தெரியவேண்டுமே. மாற்றத்தோடு ஒரு குறிப்பு எழுதவேண்டும். எங்கள் ஆட்கள் எழுதிய குறிப்புகளைத் தோண்டிப் பார்த்தேன். 'சரி செய்தது.' 'மறுபடி சரி செய்தது.' 'கடைசி.' 'கடைசிக்குக் கடைசி.' 'சாமி சத்தியமா கடைசி.' இருந்த கூட்டத்தில் ஒரே ஒருவன் ஒவ்வொரு குறிப்பிலும் டிக்கெட் எண்ணை ஒழுங்காக எழுதியிருந்தான். யாரென்று சொல்லவேண்டுமா?

எரிச்சலில் நான் ஒரு விதி கொண்டுவந்தேன். டிக்கெட் எண் இல்லாத எந்த மாற்றத்தையும் கம்ப்யூட்டர் உள்ளே விடக்கூடாது, யாராக இருந்தாலும் சரி. ஒருவர் செய்த மாற்றத்தை இன்னொருவர் ரிவ்யூ செய்து ஒப்புக்கொள்ளவேண்டும் என்ற பழைய விதி ஏற்கெனவே இருந்தது. இரண்டு பூட்டும் சேர்ந்து கச்சிதமாக இருந்தன. பூட்டிய கை என்னுடையது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

இரண்டு மாதம் கழித்து உண்மையான படம் வந்தது. நடுவில், சூரியன் மாதிரி, சிவப்பாக ஒரு பெரிய வட்டம். ரிவ்யூ. கீழே ஒரே பெயர், இன்பராஜ். கம்பெனியில் பாதி வேலை அவன் வாசலில் நாலு நாள் காத்துக் கிடந்தது. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இருபத்தைந்து வருஷத்தில் முதல்முறையாக அவனைப் பற்றி ஒரு குறை, அதுவும் கலரில்! அந்தப் பக்கத்தை மட்டும் பெரிதாக்கித் திங்கட்கிழமைக் கூட்டத்தில் திரையில் நிறுத்தினேன். "மேடம், வேலை இங்கதான் தேங்குது" என்று வருத்தமான குரலில் சொன்னேன். அந்தக் குரலுக்கு வீட்டில் ஒத்திகை பார்த்திருந்தேன்.

மேடம் பேனாவால் அந்த வட்டத்தைத் தட்டினார். "அப்ப இவர் ஒரு நாள் வரலேன்னா?"



"எல்லாமே நின்னுடும்" என்று அவரே சொல்லிக்கொண்டார்.

அடுத்த மாதம் இன்பராஜுக்குப் பதவி உயர்வு. உதவிக்கு இரண்டு பேர். ஜன்னலோரத்தில் இன்னும் பெரிய மேஜை. அவனை மாட்டிவிட நான் போட்ட படத்தைச் சட்டம் போடாத குறையாக அவன் மேஜைக்குப் பின்னால் ஒட்டிவைத்தார்கள்.

அன்று மத்தியானம்தான் அந்தப் படத்தை மறுபடி பார்த்தேன். என் பெயரைத் தேடினேன். மேலிருந்து கீழே, இடமிருந்து வலம். இல்லை. திரையைப் பெரிதாக்கித் தேடினேன். எங்குமே இல்லை. நான் நடந்த நடை, போட்ட டீக்கடைப் பஞ்சாயத்து எதற்கும் டிக்கெட் கிடையாது. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை குமரவேல் என்று ஒருவன் அந்தக் கம்பெனியில் வேலையே செய்யவில்லை. அதே வாரத்தில் 'தேவையில்லாத படிகளைக் குறைப்பது' பற்றி மேலிடத்திலிருந்து ஒரு மெயில் வந்திருந்தது. எனக்கு வியர்த்தது. தலைமேல் ஏ.சி. கொட்டிக்கொண்டிருந்தபோதே வியர்த்தது. இரண்டாவது மகள் அப்போது கல்லூரி முதல் வருஷம்.

சாயந்திரம் என் மனைவியிடம் சொன்னேன். "வேலை செய்யறேன்னு நான் நினைச்சுக்கிட்டிருந்தது பூரா வாக்கிங்காம்."

"டாக்டர் தினமும் நடக்கச் சொன்னாரில்ல, அதுவாச்சும் ஆச்சே" என்றாள்.

பயந்தவன் என்ன செய்வான்? ஒளிவான். நான் வித்தியாசமானவன், பயந்தால் ஒரு படி கட்டுவேன். மறுநாளே டிக்கெட்டின் பாதையில் ஒரு புதிய படியைச் சேர்த்தேன். 'இணக்கச் சரிபார்ப்பு.' ரிவ்யூவுக்குப் பிறகு, ரிலீஸுக்கு முன்னால். எதற்கு எது இணங்குகிறது என்று யாரும் கேட்கவில்லை. பெயர் கம்பீரமாக இருந்தால் எங்கள் துறையில் கேட்க மாட்டார்கள். அந்தப் படியிலிருந்து டிக்கெட்டை நகர்த்தும் உரிமை ஒரே ஒருவருக்குத்தான். அடியேன்.

டிக்கெட் வந்தவுடன் தள்ளிவிட்டால் வட்டம் பச்சையாகத்தான் இருக்கும். பச்சையாக இருப்பவனை யார் மதிப்பார்? ஆகவே ஒவ்வொன்றையும் இரண்டு மணி நேரம் சும்மா வைத்திருந்து அனுப்பினேன். முதல் வாரம் வெளிர் மஞ்சள். மூன்றாவது வாரம் ஆரஞ்சு. இன்பராஜின் வட்டத்துக்குப் பக்கத்திலேயே, கொஞ்சம் சின்னதாக, என் வட்டம். டீக்கடையில்கூட ஆட்கள் "சார், என்னுது உங்ககிட்ட நிக்குது, கொஞ்சம் பாத்துவிடுங்க" என்று கெஞ்சினார்கள். அந்தக் கெஞ்சலை மெதுவடைபோல மென்று தின்றேன். இன்னும் ஒரு வாரம் போனால் சிவப்பு.

இனிமேல் வருவதைச் சிரித்துக்கொண்டு எழுத முடியுமா என்று பார்க்கிறேன்.

எங்கள் வாடிக்கையாளர்களில் டயாலிசிஸ் மையங்கள் நடத்தும் ஒரு நிறுவனம் இருந்தது. யாருக்கு எந்த நாள், எந்த மெஷின் என்று ஒதுக்கிக் கொடுப்பது எங்கள் மென்பொருள். ஒரு வியாழக்கிழமை அதில் ஒரு தப்பு தெரியவந்தது. கோவிலம்பாக்கம் மையத்தில் சனிக்கிழமைப் பட்டியலில் ஒரே மெஷினுக்கு ஒரே நேரத்தில் இரண்டு பேரைப் போட்டிருந்தது. இன்பராஜ் வியாழன் முழுக்க எழுதியவனின் பக்கத்தில் உட்கார்ந்து சரிசெய்யவைத்து, ரிவ்யூவும் முடித்தான். டெஸ்டிங்கும் முடிந்தது. வெள்ளி காலை பத்து பன்னிரண்டுக்கு அந்த டிக்கெட் என் படியில் வந்து உட்கார்ந்தது. சரிசெய்ததை வாடிக்கையாளருக்கு அனுப்பும் ரிலீஸ் கதவு வெள்ளி மூன்று மணிக்கு மூடும். அதற்குப் பிறகு திங்கள்தான்.

வெள்ளி காலை நான் கேம்ப் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் இருந்தேன். மனைவியின் பெரியம்மா பேத்திக்குக் கல்யாணம். பந்தியில் பரிமாற ஆள் போதவில்லை என்று வேட்டியை மடித்துக் கட்டி சாம்பார் வாளியைத் தூக்கிவிட்டேன். போன் மனைவியின் கைப்பையில், மனைவி மேடையில். லீவு போடும்போது என் படியை வேறொருவரிடம் ஒப்படைத்திருக்கலாம். ஒப்படைத்தால் படத்தில் அவர் பெயர் வந்துவிடுமே!

நாலரைக்குப் போன் கைக்கு வந்தபோது பதினோரு தவறிய அழைப்புகள், எல்லாம் இன்பராஜ். அலுவலகத்துக்கு ஓடிப்போய் அந்தப் பொத்தானை அழுத்தியபோது மணி ஐந்து நாற்பது. கதவு மூடி இரண்டு மணி நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது.

இன்பராஜ் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "வண்டி எடு, கோவிலம்பாக்கம் போலாம்" என்றான். பட்டு வேட்டியோடு நான் வண்டி ஓட்ட, பின்னால் அவன் சரியான பட்டியலை அச்செடுத்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்தான்.

மையத்தில் வரவேற்பு மேஜையில் சாந்தி என்ற அக்கா. எங்களைப் பார்த்ததுமே ஆரம்பித்தார். "இன்னா சார், ஒரே சேர்ல ரெண்டு பேரை குந்தவெக்கச் சொல்லுது உங்க கம்ப்யூட்டரு! மடியில குந்தவெக்கணுமா? காலைலேந்து போன் பண்ணிகினு கீறேன், ஒருத்தரும் எடுக்கல."

"தப்பு எங்களுதுதான்க்கா" என்றான் இன்பராஜ்.

"தப்ப வெச்சிகினு நான் இன்னா பண்ண? நாளைக்கு ஆறு மணிக்கு வந்து நிப்பாங்க. பேஜார் பண்ணாம ஏதாவது வழி சொல்லு."

மூன்று பேரும் உட்கார்ந்து அச்செடுத்த பட்டியலில் பென்சிலால் கோடு போட்டோம். சாந்தி அக்கா யார் யாரையோ பிடித்து ஞாயிறு காலையில் ஒரு ஷிஃப்ட் கூடுதலாகப் போடவைத்தார். மாற்றவேண்டியவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்தோம். எனக்குப் பேச்சு வரும், அதனால் பாதிப்பேரை நான் எடுத்துக்கொண்டேன். நாலாவது அழைப்பில் ஒரு பெரியவர். விவரம் சொன்னேன். அமைதியாகக் கேட்டார்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. மெஷின் நாளைக்கா, நாளன்னிக்கா, கரெக்டா சொல்லுங்க. நாளன்னிக்குன்னா இப்பலேந்தே தண்ணிய கொறைச்சிக்கணும். கையில டம்ளர் கீது. குடிக்கவா, வேணாமா?"

கையால் போனைப் பொத்திக்கொண்டு சாந்தி அக்காவைப் பார்த்தேன். அவர் பட்டியலில் ஒரு பெயரை அடித்து, இன்னொரு பெயரை ஞாயிறுக்குத் தள்ளி, "நாளைக்கே வரச் சொல்லு, ஏழு மணிக்கு" என்றார். சொன்னேன். அந்தப் பக்கம் டம்ளர் எங்கோ வைக்கப்படும் சத்தம் கேட்டது. அல்லது எடுக்கப்படும் சத்தம். தெரியவில்லை. சுவர்க் கடிகாரத்தில் ஆறு ஐம்பது.

எல்லாருக்கும் இடம் கிடைத்தது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. இதோடு நான் திருந்தினேன் என்று எழுத ஆசைதான்.

ஞாயிறு காலை விழித்தவுடன் பயம் திரும்பி வந்து கட்டில்மேல் உட்கார்ந்துகொண்டது. திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு அந்த வாரத்துப் படம் தயாராகும். ஏழு மணி இருபத்தெட்டு நிமிஷம் என் வட்டத்தில் நிற்கும், கடைசியில் சிவப்பாக. கீழே என் பெயர் மட்டும். டயாலிசிஸ் டிக்கெட். வேலை போய்விடும். மகளின் இரண்டாம் வருஷத்தை நினைத்தேன்.

ஆனால் படத்தை வரையவைப்பது நானல்லவா? எந்தப் படிக்குப் படத்தில் எந்தப் பெயர் என்று சொல்லும் ஒரு சின்னப் பட்டியல் என் பொறுப்பில் இருந்தது. அதில் ஒரே ஒரு வரியை மாற்றி, 'இணக்கச் சரிபார்ப்பு' என்பதும் 'ரிவ்யூ' என்பதும் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டால் போதும். என் ஏழரை மணி நேரமும் இன்பராஜின் வட்டத்துக்குள் போய்க் கரைந்துவிடும். அவன் வட்டம் எப்படியும் சிவப்புதானே. கடலில் ஒரு வாளி. எங்கள் தொழிலில் இதற்குத் 'தரவைச் சுத்தம் செய்தல்' என்று மரியாதையான பெயரே இருக்கிறது.

வீட்டுக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். வரியை மாற்றி உள்ளே அனுப்பினேன். கம்ப்யூட்டர் விடவில்லை. 'டிக்கெட் எண் இல்லை.' என் விதி! திருடப் போன இடத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். வேறு வழியில்லாமல், 'ஒரே மாதிரியான படிகளை இணைத்தல்' என்று ஒரு டிக்கெட் போட்டு, அதன் எண்ணை அழகாக எழுதி, மறுபடி அனுப்பினேன். இந்தமுறை, பதினொன்று இருபதுக்கு, ஏற்றுக்கொண்டது. பிறகு திரையின் அடியில் ஒரு வரி வந்தது.

'உங்கள் மாற்றத்தை ரிவ்யூ செய்ய இருப்பவர்: இன்பராஜ்.'

கம்பெனியில் எல்லா ரிவ்யூவும் அவனுக்குத்தான் போகும் என்பதை ஆரஞ்சு, சிவப்பு என்று கலரடித்து ஊருக்கே காட்டியவன் நான். அவன்மேல் பழி போடும் மாற்றத்தை அவனுடைய ஒப்புதலுக்கே அனுப்பிவிட்டிருந்தேன். அவனுக்கு மெயில் போயிருக்கும். ஞாயிறு காலை சர்ச்சில் இருப்பான், போனை அணைத்து வைத்திருப்பான், அதற்குள் திரும்ப எடுத்துவிடலாம் என்று அந்தப் பொத்தானைத் தேடினேன். எப்படியும் அவன் நாலு நாள் எடுத்துக்கொள்பவன்தானே! அவசரத்தில் கண்டதையெல்லாம் அழுத்தியதில் திரை பெரிதாகிச் சின்னதாகிக் கடைசியில் தலைகீழாகக்கூட ஆனது. தலையைச் சாய்த்துப் படித்தேன்.

'ஒப்புதல் அளிக்கப்பட்டது. 11:22.'

இரண்டு நிமிஷம். இருபத்தைந்து வருஷத்தில் இன்பராஜ் இரண்டு நிமிஷத்தில் ரிவ்யூ செய்ததில்லை.

அன்று முழுக்க எனக்கு ஒரே யோசனை. படிக்காமல் ஒப்புக்கொண்டானா? அப்படியென்றால் அவன் அலட்சியக்காரன், வாழ்க இறைவன். படித்துவிட்டு ஒப்புக்கொண்டானா? அதை நினைக்கவே பிடிக்கவில்லை.

திங்கள் ஒன்பதரை. திரையில் படம். என் வட்டம் காணோம். இன்பராஜின் வட்டம் முன்பைவிடச் சிவப்பு. மேடம் டயாலிசிஸ் டிக்கெட்டை மட்டும் தனியாகக் காட்டச் சொன்னார்.

"ரிவ்யூல ஏழரை மணி நேரம். இன்பராஜ், எத்தனை மணிக்கு உங்ககிட்ட வந்தது?"

பேனா நோட்டுக்கு ஒரு அங்குலம் மேலே நின்றது. இன்பராஜ் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்தான். என்னைப் பார்க்கவில்லை.

"என்கிட்டதான் மேடம் இருந்தது. நான் பாத்திருக்கணும்."

படித்திருக்கிறான்! படித்துப் புரிந்துகொண்டு ஒப்புதல் கொடுத்திருக்கிறான்! எனக்கு உள்ளே என்னவோ எரிந்தது. மனசாட்சி என்று நீங்கள் நினைத்தால் அது உங்கள் நல்ல குணம். ஜன்னல் அவனுக்கு, வெளிநாடு அவனுக்கு, வெள்ளம் அவனுக்கு, சிவப்பு அவனுக்கு. இப்போது என்னைக் காப்பாற்றிய மகான் என்ற பட்டமும் அவனுக்கா? மீதி ஆயுசு முழுக்க அவன் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் நான் அதை நினைக்கவேண்டுமா? முடியாது.

எழுந்துவிட்டேன். "இல்ல மேடம்! அவன்கிட்ட இல்ல. என்கிட்ட இருந்தது."

"எத்தனை மணிக்கு?"

"வந்தது பத்து பன்னிரண்டு. போனது அஞ்சு நாற்பது. அவன் பதினோரு தடவை கூப்பிட்டான். நான் சாம்பார் ஊத்திக்கிட்டிருந்தேன். படத்தை மாத்தினது நேத்து பதினொன்று இருபது. அதுவும் நான்தான்."

மேடம் ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டார். ஃபிளாஸ்கைத் திறந்தார், மூடினார், குடிக்கவில்லை.

"கோவிலம்பாக்கம் சென்டர்லேந்து காலைல எனக்குப் போன் வந்தது. ஒருத்தர் தண்ணி குடிக்கலாமான்னு கேட்டாராமே. அவருக்கு எத்தனை மணிக்குப் பதில் சொன்னீங்க?"

"ஆறு ஐம்பது மேடம்."

"அது இந்தப் படத்துல எங்க இருக்கு?"

"இல்ல மேடம்."

எழுந்து வந்து, மேஜைமேல் கிடந்த அச்சுப் படத்தில், வட்டங்களுக்கெல்லாம் வெளியே வெறும் வெள்ளையாக இருந்த ஓரத்தில், பேனாவால் சின்னதாக ஒரு வட்டம் போட்டு 'ஆறு ஐம்பது' என்று எழுதினார். பிறகு தண்டனையைச் சொன்னார். என் படி அன்றே நீக்கப்படும். படம் வரையும் பொறுப்பு என்னிடமிருந்து எடுக்கப்பட்டு இன்பராஜுக்குப் போகும். நான் திங்கள்தோறும் ஒரு தாளோடு வரவேண்டும். கம்பெனியில் நடந்தும் படத்தில் வராத விஷயங்கள் எல்லாம் அந்தத் தாளில் இருக்கவேண்டும். நேரத்தோடு.

வேலை போகவில்லை. மகள் படித்து முடித்தாள். விருப்ப ஓய்வு வாங்கும்வரை அந்தத் தாளை எழுதினேன். நாலு பத்து, டீக்கடை, சண்டை தீர்ந்தது. பதினொன்று முப்பது, டெஸ்டிங் பெண்ணுக்குக் காய்ச்சல், வீட்டுக்கு அனுப்பியது. நீங்கள் இப்போது படத்தோடு சேர்த்துப் பார்க்கும் 'வெளிக் குறிப்பு' அதுதான். ஆனால் கம்பெனியில் அதை எப்படி அழைக்கிறீர்கள்? 'இன்பராஜ் முறை.' நல்லா இருங்க.

அந்தத் திங்கட்கிழமை சாயந்திரம் டீக்கடையில் இன்பராஜைப் பிடித்தேன்.

"ஏன்டா ஒத்துக்கிட்டே?"

"நீதான் ஒரு மாசமா சிவப்பு வேணும் சிவப்பு வேணும்னு அலையறே. எனக்கு ஏற்கெனவே இருக்கு. ஒரு வாளி கூட ஊத்தினா என்ன ஆயிடும்?" டீயை ஊதினான். "நீ ஏன்டா எழுந்தே? மேடம் விட்டிருப்பாங்க."

"உனக்கு நல்ல பேர் வந்துடுமேன்னு."

சிரித்ததில் டீ அவன் சட்டையில் கொட்டியது. துடைத்துக்கொண்டே சொன்னான்: "அந்த நாலு நாள் சிவப்பு என்னன்னு நினைச்சே? நாப்பது பேர் வாசல்ல நிக்கறாங்க, என்னால எழுந்திருக்க முடியலேன்னு அர்த்தம். தினம் நாலு மணிக்கு நீ இங்க வந்து கும்பலோட டீ குடிப்பே. நான் ஜன்னல்லேந்து பாத்துக்கிட்டே இருப்பேன்."

அத்தனை வருஷம் நான் ஏங்கிய ஜன்னல். அதை வைத்துக்கொண்டு இவன் பார்த்தது என்னை! அந்த இருக்கை எனக்குக் கிடைத்திருந்தால் எவ்வளவு நன்றாக அனுபவித்திருப்பேன் என்றுதான் அப்போதும் தோன்றியது.

இதை எழுதி முடித்து நேற்று காலை நிவேதாவுக்குப் போன் செய்தேன். "ரெடிம்மா. உனக்கு அனுப்பவா?"

"எனக்கு வேணாம் சார், மலருக்கு ஒரு பக்கம் வெச்சிருக்கோம், அதுல ஏத்திடுங்க. எல்லாக் கட்டுரையையும் ஒருத்தர் பாத்து ஓகே பண்ணணும், அப்பதான் அச்சுக்குப் போகும்."

"யாரு?"

நிவேதா கொஞ்சம் தயங்கினாள். தயங்கியிருக்கவே வேண்டாம்.

ஆகவே இது இப்போது அவன் வாசலில் நிற்கிறது. ஏற்றியது பத்து பதினைந்துக்கு. அவனைப் பற்றி நான் எழுதியது எல்லாம் அப்படியே இருக்கிறது, ஒரு வரியும் சுத்தம் செய்யவில்லை. நாலு நாள் எடுத்துக்கொள்ளட்டும், எட்டு நாள் எடுத்துக்கொள்ளட்டும், வரிக்கு வரி சிவப்பு மையால் திருத்தட்டும், நான் ஏற்றுக்கொள்கிறேன்.

இரண்டு நிமிஷத்தில் மட்டும் ஓகே செய்தானென்றால், இந்த ஜென்மத்தில் அவனை மன்னிக்க மாட்டேன்.